பசி மறந்த மண்

தங்கையாவுக்குக் குழி வெட்டப் போன அன்றைக்குத்தான் மண் சாப்பிடாமல் கிடப்பது மூன்றாம் லயன்காரர்களுக்குத் தெரிய வந்தது. எத்தனை மாதமாய், எத்தனை வருஷமாய்ப் பட்டினி கிடந்ததோ யார் கண்டது. வாயுள்ள மனுஷர்கள் பசி என்று கத்தினாலே காதில் வாங்காத எஸ்டேட்டில், வாயில்லாத மண்ணின் பசியை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கல் எஸ்டேட்டின் மூன்றாம் லயனில் நாற்பத்திரண்டு வீடுகள், நாற்பத்திரண்டும் கப்பலில் வந்தவர்களுடையவை. நான்கு தலைமுறையாய் அக்கரையில் கொழுந்து கிள்ளியவர்களை, நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று அங்கே கப்பலேற்றிவிட, இக்கரையில் இறங்கியதும் நீங்கள் எந்த ஊர் என்று இங்கே கேட்க, சொல்ல ஓர் ஊர் இல்லாமல் முழித்தவர்களை மலைக்கு ஏற்றி, காட்டை வெட்டு, தேயிலையை நடு, அதுதான் உன் ஊர் என்றார்கள். நட்டார்கள். நட்ட செடி எஸ்டேட்டுடையது, படுக்கும் வீடு எஸ்டேட்டுடையது, வேலையை விட்ட மறுமாதம் வீட்டையும் விட வேண்டும், வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கக்கூட மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும். அவர்கள் பேருக்கென்று அந்த மலையில் இருந்தது பதினெட்டு சென்ட் மயானம் ஒன்றுதான்.

பதினெட்டு சென்டில் ஐம்பது வருஷச் சாவு அடங்குமா என்றால், அடங்கியது, ஏனென்றால் மண் ஒழுங்காகச் சாப்பிட்டது. மொத்தம் பதினோரு வரிசை. பதினோராம் வரிசை நிறைகிறபோது முதல் வரிசை செரித்திருக்கும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். மாறுகுழி என்று அதற்குப் பேர். பழைய குழியைத் திறக்கும் முன்னால் உள்ளே இருப்பவரின் நெருங்கிய சொந்தம் யாராவது குனிந்து, கதவைத் தட்டுகிற மாதிரி மண்ணை மூன்று முறை தட்டி, "கொஞ்சம் ஒத்திக்கங்க, ஆள் வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் மண்வெட்டி இறங்கும். நாலடியில் நாலு எலும்பும் ஒரு வளையல் துண்டும் கிடைக்கும். அதைத் துணியில் முடிந்து தலைமாட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் புது ஆளைப் படுக்க வைப்பார்கள். மாமியார்மேல் மருமகள், தண்ணீர்க் குழாய்க்கு அடித்துக்கொண்டவள்மேல் அடித்துக்கொண்டவள் என்று அந்த மயானத்தில் உயிரோடு இருந்தபோது ஒத்துப்போகாதவர்களெல்லாம் ஒத்திப் படுத்திருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. லயனுக்குக் கீழே ஓடைக்கரையில் எஸ்டேட்டின் தைலக் கொட்டாய். யூக்கலிப்டஸ் இலையை அண்டாவில் அடைத்து, பகல் முழுக்க அவித்து, ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டுத் தைலமாக இறக்குவார்கள். உயிரோடு இருக்கும்போது நெஞ்சுச் சளிக்கு ஒரு சொட்டு கேட்டால் கையைத் தட்டிவிடுகிற கொட்டாய் மேஸ்திரி, செத்துப்போனால் மட்டும் அன்றைய முதல் வடியில் ஒரு பாட்டில் முழுசாகக் கொடுப்பார். வால்பாறையிலும் கூடலூரிலும் இருக்கிற சொந்தம் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் உச்சி முதல் உள்ளங்கால்வரை தைலத்தைத் தேய்த்து வைப்பார்கள். தைலம் தேய்க்காமல் போனவர் அந்த லயனில் ஒருவரும் இல்லை.

தங்கையா ஐப்பசி மழையில் செத்தார். முறைப்படி அவருக்கு நாலாம் வரிசை, பதினோரு வருஷத்துக்கு முன் போன கந்தாயியின் குழி. கந்தாயியின் மகள் புஷ்பராணி மண்ணைத் தட்டிச் சொல்ல, குழி வெட்டுகிற அடைக்கலம் வெட்ட ஆரம்பித்தார். மூன்றடியில் தைல வாசம் வந்தது, நேற்றுத்தான் தேய்த்தது போல. நாலடியில் கந்தாயி வந்தாள். நெற்றி மஞ்சள் கலையவில்லை, கடைவாயில் வெற்றிலைக் கறை காயவில்லை. யாரும் அலறவில்லை. அடைக்கலம் மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒத்திக்கல" என்றார்.

புஷ்பராணி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பதினோரு வருஷமா உள்ள படுத்துக்கிட்டு என்னாத்த பண்ணிட்டிருந்த?" என்று கேட்டாள்.

பக்கத்துக் குழியைத் தட்டினார்கள், அதிலும் ஆள் இருந்தது. அதற்கடுத்த குழியிலும். நாலாம் வரிசையில் ஏழு பேரும் தூங்குகிறவர்கள் போலப் படுத்திருக்க, மழையில் நனைந்துகொண்டே காத்திருந்த தங்கையாவை இரண்டு வரிசைக்கு நடுவே நடைபாதையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூடினார்கள். மயானத்தில் மிச்சமிருந்த கடைசி இடம் அந்த நடைபாதைதான்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றிருந்த யோகமலர் தங்கையாவை நினைக்கவில்லை. அவள் கண் ஆறாம் வரிசையில் இருந்தது. அங்கேதான் அவளுடைய அப்பா நல்லுசாமி, ஒன்பது வருஷமாக. வீட்டில் கட்டிலில் அம்மா பவளக்கொடி, முப்பது வருஷம் தைலக் கொட்டாயில் இலை திணித்து நெஞ்சு கரைந்தவள், மார்கழி தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோயமுத்தூரில் மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த மகளை வரவழைத்து அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்கப்பன் மேலதான் என்னயப் போடணும். வேற எங்கயும் கொண்டுபோய்க் கடாசிராத."

"மாமா, ஆறாம் வரிசையத் தொறங்க" என்றாள் மலர்.

"உங்கம்மா உசுரோட இருக்கு புள்ள. ஆள் வராம குழியத் தொறக்கிறது தப்பு" என்றார் அடைக்கலம்.

"ஆள் வந்த பெறகு எடமில்லேன்னு நிக்கிறது தப்பில்லையா?"

வாதம் பண்ணி அவளை யாரும் ஜெயித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு வாத்தியார்களை அழவைத்தவள், ஹாஸ்டலில் அவள் துணியிலிருந்து வந்த தைல வாசத்துக்காக மருந்துக்கடை என்று பேர் வைத்தவர்களோடு மூன்று வருஷம் சண்டை போட்டவள், சண்டை போட்டுக்கொண்டே அந்தத் துணிகளை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியவள். அடைக்கலம் கால்மாட்டில் மட்டும் ஓர் ஓட்டை வெட்டிக் காட்டினார். வலது கால் பெருவிரல் தெரிந்தது, தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி பட்டு இரண்டாகப் பிளந்த அதே நகத்தோடு. அப்பா என்று அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. துள்ளி முடிவதற்குள் இடமில்லை என்றும் தெரிந்தது. இரண்டும் ஒரே மூச்சில் தெரிந்ததை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை, யாரை என்றுதான் தெரியவில்லை.

மலையில் எதுவும் எட்டு நாளில் பழகிப்போகும். முதல் வாரம் மயானப் பக்கம் போகப் பயந்தவர்கள், இரண்டாம் வாரம் சாயந்தரம் வேலை விட்டு வரும்போது அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் வெட்டி மூடுவது சிரமமாக இருந்ததால் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் குழிகளுக்கு மூடி போட்டுக்கொண்டார்கள். புஷ்பராணி சீப்போடு போய்த் தன் அம்மாவுக்குச் சிக்கெடுத்துவிட்டு வந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணும் மாப்பிள்ளையும் பலகையைத் தூக்கி, உள்ளே இருந்த தகப்பனாரிடம் ஆசீர்வாதம் வாங்கினார்கள். சொத்தே இல்லாத லயனிலும் சண்டைக்குக் காரணம் இல்லாமலா போகும், அண்ணன் தம்பி தகராறெல்லாம் "வா, அப்பாகிட்டயே கேப்போம்" என்று குழியோரத்தில் முடிந்தது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் பொய் சொல்ல வாய் வராது. கீழ்நாட்டிலிருந்து ஒரு சாமியார் வந்து, இது சித்த பூமி என்று அறிவித்து, ஒரு டப்பா மண்ணை அள்ளிக்கொண்டு போனார். டப்பாவைத் திருப்பித் தரவில்லை.

ஆனால் பழகிப்போன பிறகுதான் வலி வந்தது. கொட்டாய் மேஸ்திரி வீரபத்திரன் ஒருநாள் மயான மேட்டில் உட்கார்ந்து சொன்னார்: "யோசிச்சுப் பாருங்கப்பா. அக்கரை மண்ணு நம்மள வேணாம்னு துப்புச்சு. இக்கரை மண்ணு வாயிலயே வாங்கமாட்டேங்குது. மாட்டத் திங்குது, நாயத் திங்குது, நம்மள மட்டும் திங்கல. இந்த மண்ணு நம்மளச் சேத்துக்கல, அம்புட்டுத்தான்."

கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் மலருக்கு ரத்தம் கொதித்தது.

"சித்தப்பா, மண்ணுக்கு ரேஷன் கார்டு படிக்கத் தெரியுமா? யாரு கப்பல்ல வந்தா, யாரு பஸ்ல வந்தான்னு அது கேட்டுச்சா? தைலம் தேச்சவங்களத்தான் அது திங்கல. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு, ஒரு பிடியில இந்த நாட்டு ஜனத்தொகை இருக்கும். தைலத்தோட வாசனை இருக்கே, அது கரியால கட்டின ஒரு வளையம். அந்த உசுரு மொதல்ல வளையத்துல ஒரு எடத்துல காத்தச் செருகி நெகிழ வைக்கும், பெறகு ஒடைச்சு நீட்டும், நீட்டினத நறுக்கி நறுக்கித் திங்கும்..."

"முறுக்கு மாதிரியா?" என்றாள் புஷ்பராணி.

"முறுக்கு மாதிரிதாங்க்கா. தின்னு முடிச்சா மிச்சம் தண்ணியும் மூச்சுக்காத்தும்தான். அப்பிடித் திங்கிறதெல்லாம் இந்த மயானத்துல செத்துப்போச்சு. மேல தேயிலைக்கு அடிக்கிற மருந்து பூரா எந்த வாய்க்கால்ல இறங்குது? இங்கதானே இறங்குது? எஸ்டேட்டுக்காரன் கொன்னதுக்கு, மண்ணு நம்மளச் சேத்துக்கலன்னு தலையாட்டிட்டு உக்காந்திருக்கீங்க."

"நல்லாத்தான் பேசுற. இத இங்க பேசி என்னா, தொரகிட்டப் பேசு" என்றார் மேஸ்திரி.

பேசினாள். அடைக்கலத்தைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய், மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்று பேசினாள். மயானத்தை ஒட்டி இரண்டு வரிசைத் தேயிலையை எடுத்து இடம் தாருங்கள் என்றாள்.

"ஒவ்வொரு செடிக்கும் அம்பது வயசும்மா" என்றார் மேனேஜர்.

"வச்சவங்களுக்கு எழுபது, சார். அவங்க செத்துட்டாங்க, செடி இருக்கு."

"பாடி கெடாம இருக்குன்னா நல்லதுதானே? உங்க ஆளுங்க பத்திரமா இருக்காங்க."

"நீங்க அடிக்கிற மருந்துல மண்ணுக்குள்ள இருக்கிற உயிரெல்லாம் செத்துப்போச்சு, சார்."

"செத்ததெல்லாம் மயானத்துல போய்ச் சேர்றது வழக்கம்தானே?" என்று அவர் சிரித்தார். சிரித்து முடித்து, "மருந்தாலதான்னு ப்ரூஃப் இருக்கா?" என்றார். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்றாம் லயன் மயானம் நிறைந்துவிட்டபடியால் மூடப்படுகிறது. இனி இறப்பவர்களை நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி டவுனில் உள்ள மின்மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொழுந்து லோடு இல்லாத நாளில் எஸ்டேட் லாரி தரப்படும்.

கொழுந்து லோடு இல்லாத நாளாகப் பார்த்துச் சாக வேண்டும் என்பதை அந்த நோட்டீஸ் தனியாகச் சொல்லவில்லை.

மலர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பவளக்கொடி இருமி முடிக்கும்வரை காத்திருந்து, "என்னாடி, தோத்துட்டியா?" என்றாள்.

"தோக்கல. அந்தாளுக்குக் காது இல்ல."

"திங்கிற மண்ணுதானே வேணும் ஒனக்கு?"

"ஆமா. கோயமுத்தூர்லருந்து கொண்டாந்தாலும் இந்தக் குளிருக்கு அது பொழைக்காது. தைலத்துக்குப் பழகின மண்ணா வேணும்."

"கொட்டாய்க்குப் பின்னால போ" என்றாள் அம்மா. "அவிச்ச சக்கையக் கொட்டற மேடு இருக்கில்ல, முப்பது வருஷமா மத்தியானச் சோத்த அங்க உக்காந்துதான் தின்னேன். ஏன்னு நெனைக்கிற? லயனுலயும் தைலம், துணியிலயும் தைலம், குடிக்கிற தண்ணியிலயும் தைலம். அந்த மேட்டுல மட்டும் ஒரு மணமும் வராது. அங்கதான் எனக்கு மூச்சே வரும்."

மலர் எழுந்து நின்றாள். எங்கே தைலம் அதிகமாய்ச் சிந்துகிறதோ அங்கே தைலம் மணக்கவில்லை. இதைப் படிக்கத்தான் அவள் ஊர்விட்டு ஊர் போனாள். இதன்மேல் உட்கார்ந்துதான் அவள் அம்மா முப்பது வருஷம் சோறு தின்றாள்.

சக்கை மேட்டின் அடிமண் கறுப்பாக, கைக்கு இளஞ்சூடாக இருந்தது, மோந்தால் வெறும் காற்று. ஊறுகாய்ப் பாட்டில் இரண்டை எடுத்து, ஒன்றில் மயான மண்ணும் ஒன்றில் மேட்டு மண்ணும் போட்டு, தைலத்தில் நனைத்த துணித்துண்டை இரண்டிலும் புதைத்து ஜன்னலில் வைத்தாள். மூன்றாம் நாள் மேட்டு மண்ணில் இருந்த துண்டில் வாசமும் இல்லை, துண்டும் பாதி இல்லை. மயான மண்ணில் இருந்தது பதினோராம் நாளும் மணத்தது.

லயன்காரர்களைக் கூட்டிப் பாட்டில்களைக் காட்டினாள். ஆண்கள் மோந்து பார்த்துச் சரி என்றார்கள். புஷ்பராணி மோக்கவில்லை.

"ஒனக்கு எடம் வேணும்கிறதுக்கு எங்கம்மாவத் திங்கக் குடுக்கணுமாடி?" என்றாள். "பதினோரு வருஷம் கழிச்சுக் கெடச்சிருக்கு. தெனம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

"அக்கா, நாளைக்கு நீ எங்க படுப்ப?"

"அம்மா பக்கத்துல."

"எடம்?"

புஷ்பராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மலர் ஜெயித்தாள், ஜெயித்த வாயில் ஏனோ ஈயத்தட்டை நக்கினது போலிருந்தது.

சக்கை மேட்டு மண்ணைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகலாம் என்றாள். அங்கேதான் அடைக்கலம் குறுக்கே நின்றார். "குழிக்குப் போற மண்ண வீட்டுத் துணியிலதான் முடிஞ்சு எடுத்தாரணும். சாக்குல வந்தா அது எரு. துணியில வந்தாத்தான் வாய்க்கரிசி. எங்க ஆளுங்க தேயிலைச் செடி இல்ல புள்ள, எரு போட."

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கை வைக்கும் முன்னால் ஓர் உயிரும் ஒட்டிப் போகாதபடி கம்பியைத் தீயில் சிவக்கக் காட்டுகிறவள் அவள், கையுறை போடாமல் மண்ணைத் தொடாதவள், எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் வைத்திருப்பவள். ஆனால் அன்றைக்கு, அவர்களிடம் இவ்வளவு பறித்துக்கொண்டோமே, இந்த ஒன்றையாவது விட்டுக்கொடுப்போம் என்று நினைத்தாளோ, அல்லது வாய்க்கரிசி என்ற சொல் அவளை அடித்துப்போட்டதோ, "சரி மாமா" என்றாள். அவள் வாழ்க்கையில் வாதம் பண்ணாமல் சரி என்றது அது ஒருமுறைதான்.

நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் நாற்பத்திரண்டு சேலை வந்தது. கல்யாணச் சேலை, போனவளின் சேலை, பிரசவத்துக்குக் கட்டியிருந்த சேலை. மலர் அம்மாவின் ஊதாச் சேலையை எடுத்துக்கொண்டாள். பெண்கள் வரிசையாக மேட்டில் முடிந்து, தலையில் வைத்து, ஓடையைத் தாண்டி மயானத்துக்கு ஏறி, பலகையைத் தூக்கி, கறுப்பு மண்ணைப் பிடிபிடியாகப் போட்டார்கள். புஷ்பராணியும் வந்தாள். தன் அம்மாவின் முகத்தில் மட்டும் போடாமல் சுற்றிச் சுற்றிப் போட்டாள். கடைசிப் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பிறகு சேலைகளை ஓடையில் அலசி, காயவைத்து, மடித்து, அவரவர் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மயானத்தின்மேல் பனிபோல் ஆவி நின்றது. நாலாம் நாள் தைல வாசம் போயிற்று. ஒன்பதாம் நாள் அடைக்கலம் வரிசை வரிசையாக மண்ணைத் தட்டிக் காது வைத்துக் கேட்டு, நிமிர்ந்து, "ஒத்திக்கிட்டாங்க" என்றார். பதினோரு வரிசையும் ஒத்திக்கொண்டிருந்தது. லயனில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. நாற்பத்திரண்டு வீட்டிலும் இரண்டாம் தடவையாக இழவு விழுந்தது போலிருந்தது.

ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்த வயிறு ஒரு சாப்பாட்டோடு எழுந்திருக்குமா? அடுத்த வாரம் புஷ்பராணி கறிவேப்பிலை தாளித்தாள், வெடித்தது, மணக்கவில்லை. எண்ணெய் போலி என்று கடைக்காரனை ஏசினாள். அதற்கடுத்த நாள் சோப்பு மணக்கவில்லை, ஊதுபத்தி மணக்கவில்லை, சாராயம் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஆண்கள் சண்டைக்குப் போனார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையின் உச்சந்தலையை மோந்து மோந்து பார்த்து, பிள்ளை மாறிவிட்டதோ என்று முகத்தை உற்றுப் பார்த்தார்கள். தைலக் கொட்டாயில் குழாய் வழியே தைலம் சொட்டியது, வெறும் எண்ணெயாக. கடைசியில் அது மேலே ஏறியது. ஃபாக்டரியில் தேநீரைச் சுவை பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சி, "சுடுதண்ணி" என்று துப்பினார்.

மேனேஜர் அன்றைக்கு முதல் முறையாக ஜீப்பிலிருந்து இறங்கி லயனுக்குள் நடந்து வந்தார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க? எஸ்டேட் டீயில ஃப்ளேவரே இல்ல!"

"எங்களாலதான்னு ப்ரூஃப் இருக்கா, சார்?" என்றாள் மலர்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மேனேஜர் போன பிறகு வீரபத்திரன் மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மண்ணு நம்மளச் சேத்துக்கிச்சுடா. சேத்துக்கிட்டா சும்மாவா? ஒறவுன்னா எல்லாத்தையும் கேக்கத்தான் செய்யும்" என்றார். அதுவே லயனின் பேச்சாயிற்று. சோற்றில் கொஞ்சம் உப்பைக் கூட்டிக்கொண்டார்கள். பிள்ளையை மோப்பதற்குப் பதில் கன்னத்தை உரசிப் பார்த்துக்கொண்டார்கள்.

மலருக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. சேலை. வாசத்தைத் தின்கிற அந்த உயிர் அலசினால் போகாது; நூலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, பெட்டிக்குள் நுழைந்து, பெட்டியிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து கைக்கு. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நாற்பத்திரண்டு முடிச்சாக அவளே அனுப்பிவைத்திருந்தாள். யாரிடம் போய் வாதாடுவது? அவளை யாரும் ஏசவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

மார்கழி பதினேழாம் தேதி முற்பகலில் பவளக்கொடி, "நான் செத்தா தைலம் தேய்க்காத. முப்பது வருஷம் மோந்தது போதும்" என்றாள், தண்ணீர் கேட்டாள், கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். மேஸ்திரி ஒரு பாட்டிலோடு வந்தார். மண் பசித்தெழுவதற்கு முன்னால் இறக்கி, கார்க் அடைத்து, மெழுகு வைத்து மூடிய முதல் வடி. அந்த லயனில் மணமுள்ள கடைசிப் பாட்டில்.

"அம்மா வேணாம்னு சொல்லிச்சு, சித்தப்பா."

"தைலமில்லாம யாருமே போனதில்ல, ஆயி." அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

நோட்டீசை யாரும் படிக்கவில்லை. ஆறாம் வரிசையில் மலர் குனிந்து, மூன்று முறை தட்டி, "அப்பா, கொஞ்சம் ஒத்திக்கங்க. அம்மா வந்திருக்கு" என்றாள். நாலடியில் ஒரு சட்டைப் பித்தானும் நாலு எலும்பும் கிடைத்தன. பிளந்த நகத்தைத் தேடினாள், இல்லை. துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்தாள். அம்மாவுக்கு இடம் கிடைத்தது. கேட்ட இடம், ஓர் அங்குலம் குறையாமல்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. முதல் தூற்றலுக்கு லயனே பழக்கத்தில் வாசலுக்கு வந்து, முகத்தைத் தூக்கி, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றது. மண்வாசனை எழும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.

மலர் பெட்டியைத் திறந்து ஊதாச் சேலையில் முகத்தைப் புதைத்தாள். துணி. அடுத்த சேலை, துணி. ரவிக்கை, போர்வை, தலையணை, அம்மா தலைமுடி சுற்றி வைத்திருந்த காகிதப் பொட்டலம், எல்லாம் வெறும் துணியும் மயிரும் காகிதமும். ஹாஸ்டலில் எந்த வாசத்தை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினாளோ, அது இப்போது ஜன்னலில், மெழுகு வைத்த அந்தப் பாட்டிலுக்குள் மட்டும் இருந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கை சிவக்கச் சிவக்க ஏழு தடவை கழுவினாள். விளக்கைக் கொளுத்தி, ஆய்வகத்தில் செய்வது போலப் பாட்டிலின் கழுத்தைச் சுடரில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். தைலம் தீப்பிடிக்கும் என்று தெரியும், காட்டினாள். விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கார்க்கைப் பிடுங்கினாள்.

முதல் மூச்சில் அம்மா வந்தாள். நனைந்த சாக்கும் புகையும் இருமலுமாக, கொட்டாயிலிருந்து நேராக வந்து, சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்த மகளின் நெற்றியில் கையை வைத்து, "என்னாடி, தோத்துட்டியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல மலர் வாயைத் திறந்தாள்.

இரண்டாவது மூச்சில் ஒன்றும் இல்லை. பாட்டிலில் தைலம் கழுத்துவரை அப்படியே நிறைந்திருந்தது.